பாட்டுக் கெட்டதா, காது மூத்ததா?

இக்காலப் பிள்ளைகளுக்குப் பாட்டென்றால் என்னவென்றே தெரியாது என்பது நம் வயதினர் கூடும் இடமெல்லாம் ஓதப்படும் விர்தாகிவிட்டது. தொழுகைக்குப் பின் ஓதவேண்டிய விர்தை மறப்பவர்கள்கூட இதை மறப்பதில்லை. நிகாஹ் வீட்டுப் பந்தலிலும், மீலாது மேடையின் பின்புறத்திலும், தேநீர்க்கடைப் பலகையிலும் இந்த ஒப்பாரி ஓயாது ஒலிக்கிறது. "அந்தக் காலத்துப் பாட்டு வருமா?" என்று ஒருவர் தொடங்கிவிட்டால் போதும், அங்கிருப்போர் அனைவரும் ஆமீன் கூறிவிடுகின்றனர்.

இந்த ஒப்பாரிக்கு ஆதாரம் இல்லை என்பதையும், இதனால் விளையும் கேடு பெரிது என்பதையும் எடுத்துரைக்கவே இக்கட்டுரை. பிறரைக் குற்றஞ்சாட்டும் முன் நம் பெயரைத்தான் முதலில் எழுதவேண்டியிருக்கிறது. ஏனெனில் ஆமீன் கூறியவருள் நாமும் ஒருவர்.

குப்பத்தில் கேட்டவை

புதுச்சேரி நகரின் வடபுறத்துக் கடலோரத்தில் உள்ள குருசுக்குப்பத்தில் நாம் குடியிருக்கிறோம். நம் வீட்டுக்கு அணித்தே ஒரு தேநீர்க்கடை உண்டு. சென்ற ரபீஉல் அவ்வல் மாதத்தில் ஒரு மாலை, அங்கே இருவர் நம்மோடு அமர்ந்திருந்தனர். ஒருவர் ஆலையில் நெசவுப் பகுதியில் உழைத்து ஓய்ந்தவர். "ஹனிபா பாய் போனதோட நம்ம பாட்டு முடிஞ்சுது ஹஜ்ரத்" என்று அவர் பெருமூச்செறிந்தார். மற்றவர், தந்தையார் பிரெஞ்சுப் படையில் பணியாற்றியதால் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பத்தைச் சேர்ந்தவர். பாரிசுப் புறநகரில் வளர்ந்து, விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். "நிர்வானா வந்தப்ப எனக்குப் பத்தொன்பது வயசு. அதுக்கப்புறம் உலகத்துல மியூசிக்கே இல்ல" என்று அவர் கூறினார். நிர்வானா எந்த ஊர்க்காரர் என்று ஆலைக்காரர் வினவ, அது அமெரிக்கக் கிதார்க் குழு ஒன்றின் பெயர் என்று விளக்கம் தரப்பட்டது.

அவ்வேளையில் கடலோரக் கருங்கற்களின் மேல் அமர்ந்திருந்த இளைஞர் சிலர் கைப்பேசியில் ஏதோ ஒரு பாட்டை ஒலிக்கவிட்டு, தொடையில் தாளமிட்டுக்கொண்டிருந்தனர். இரு பெரியவர்களும் ஒருசேர அத்திசை நோக்கி முகஞ்சுளித்தனர். ஒருவருடைய பாட்டை மற்றவர் ஐந்து நிமிடமும் பொறுத்திருக்கமாட்டார். ஆயினும் கல்லின் மேல் இருந்தவர்களின் பாட்டு வெறும் இரைச்சல் என்பதில் இருவருக்கும் இஜ்மாஃ ஏற்பட்டுவிட்டது. நாமும் தலையசைத்தோம்.

அதே வாரத்தில் மீலாது விழாவுக்கான நிகழ்ச்சிகளை ஆயத்தம் செய்துகொண்டிருந்தோம். நம்மிடம் மாலை வேளையில் ஓதவரும் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், தானே எழுதிய பாட்டு என்று ஒரு தாளை நீட்டினான். பிறக்கும் முன்னரே தந்தையையும், ஆறு வயதில் தாயையும் இழந்த நாயகம் (ஸல்) அவர்களின் பிள்ளைப் பருவம் பற்றியது அது. பாடிக்காட்டச் சொன்னோம். அவன் பாடவில்லை, பேச்சுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்டதாய், சொல்லடுக்கிச் சொல்லடுக்கி, நெஞ்சில் கைதட்டித் தாளமிட்டுக் கூறினான். இன்றைய பிள்ளைகள் 'ராப்' என்று வழங்கும் முறை அது. பாதியிலேயே நாம் கைகாட்டி நிறுத்தினோம். "இதென்ன தம்பி, பாட்டா, சண்டையா? ஹனிபா பாட்டு ஒன்றை மனனம் செய்து பாடு" என்றோம். அவன் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். விழாவன்று கடைசி வரிசையில் அமர்ந்திருந்தான். அதன் பிறகு ஓதவும் வரவில்லை. அவனும் தந்தையை இழந்தவன் என்பது பின்னர்தான் நம் நினைவுக்கு வந்தது.

அந்தத் தாளில் இருந்த சொற்களில் ஒன்றேனும் பிழையா என்று நாம் பார்க்கவில்லை. அகீதாவுக்கு மாறான கருத்து உண்டா என்றும் பார்க்கவில்லை. ஒலி நமக்குப் பழக்கமற்றது என்ற ஒரே காரணத்தால் தள்ளினோம். ஆலிம் எனப் பெயர் பெற்றவன் ஆதாரமின்றித் தீர்ப்பு வழங்கினால் அதற்கு என்ன பெயர் என்பதை நம் வாசகர்கள் அறிவர்.

இசை கிளறுவது எதை?

தீர்ப்பைத் தந்தது நம் கல்வியா, நம் வயதா என்று ஆராயப் புகுந்தபோது, மத்ரஸாவில் ஓதிய நூல்களே நமக்கு எதிராகச் சாட்சி கூறின.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், மறைவு ஹிஜ்ரி 505, கி.பி. 1111, தம் இஹ்யாவில் இசை கேட்டல் பற்றித் தனி நூற்பகுதியே வகுத்துள்ளார்கள். அதில் அபூ சுலைமான் தாரானி (ரஹ்) அவர்களின் கூற்றொன்றை எடுத்தாள்கிறார்கள். உள்ளத்தில் இல்லாத ஒன்றை இசை அங்கே கொண்டுபோய் வைப்பதில்லை, அங்கே ஏற்கெனவே இருப்பதைத்தான் அசைக்கிறது என்பது அக்கூற்றின் கருத்து. சற்றே நின்று சிந்தியுங்கள். நாற்பதாண்டுக்கு முந்திய பாட்டைக் கேட்டு நம் கண் கலங்குகிறது என்றால், அசைவது நம் உள்ளே கிடக்கும் நாற்பதாண்டு. அந்தக் கண்ணீரைப் பாட்டின் கணக்கில் வரவு வைப்பது தவறான கணக்கு.

கஸ்ஸாலி இமாமுக்கு அறுநூற்றைம்பது ஆண்டுகள் பிந்தி, பிரெஞ்சு மொழியில் இசை அகராதி எழுதிய ரூசோவும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார் என்பது வியப்பு. 1768ஆம் ஆண்டின் அந்நூலில், பிற நாட்டுப் படைகளில் கூலிக்குப் போர்புரிந்த சுவிட்சர்லாந்து வீரர்கள் பற்றிய செய்தி ஒன்று வருகிறது. தம் மலைநாட்டு இடையர்கள் பசுக்களை அழைக்கும் மெட்டைக் கேட்டால் அவ்வீரர்கள் அழுதும், படையை விட்டோடியும், நோயுற்றும் போவார்களாம். ஆதலால் படையினரிடையே அம்மெட்டை இசைப்பதே கடுந்தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டதாம். அந்த மெட்டில் அத்தனை ஆற்றலா என்று ஆராய்ந்த ரூசோ, அயலார் காதில் அது எந்த விளைவையும் உண்டாக்குவதில்லை என்பதைக் கண்டார். அங்கே இசை இசையாக வேலை செய்யவில்லை, நினைவூட்டும் அடையாளமாக வேலை செய்கிறது என்பது அவர் முடிபு. இவ்வேக்கத்துக்கு மேலைநாட்டார் வழங்கும் 'நாஸ்டால்ஜியா' என்ற பெயரே 1688இல் பாசல் நகரில் யொஹான்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர் இயற்றியது. ஊர் திரும்பும் ஏக்கத்தால் வரும் நோய் என்பது அதன் பொருள். நோயின் பெயர் அது. நாமோ அதை இரசனையின் பெயராக்கிக்கொண்டோம்.

இக்காலத்து ஆராய்ச்சியும் இதற்கு மாறாக இல்லை. 1989இல் ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், பல வயதினரிடமும் பல காலத்துப் பாடல்களை ஒலிக்கச் செய்து விருப்பத்தை அளந்தனர். ஏறத்தாழ 23 அல்லது 24 வயதளவில் தாம் கேட்ட பாடல்களையே மக்கள் மிகுதியும் விரும்பினர் என்பது அவர்கள் கண்டது. அப்படியானால் ஒவ்வொரு தலைமுறைக்கும் உலகின் பொற்காலம் அதனதன் இருபதுகளில்தான் வந்துபோகிறது. எல்லாத் தலைமுறைக்கும் தனித்தனியே ஒரு பொற்காலம் இருந்திருக்குமானால், அது காலத்தின் குணமாக இருக்க இயலாது. நாமோ அதை வைத்துக் காலத்தையே ஏசுகிறோம். காலத்தை ஏசுவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதை மிம்பரில் எடுத்துரைத்துவிட்டு, கீழிறங்கித் தேநீர்க்கடையில் அதையே செய்கிறோம்.

இடிபாட்டின் முன் அழுதவர்கள்

அரபுக் கவிதையின் தொடக்கமே அழுகைதான். முஅல்லகாத்தில் முதலாவதாக வைத்து ஓதப்படும் இம்ரவுல் கைஸின் பாட்டு, காதலி வாழ்ந்து நீங்கிய கூடாரத் தடத்தின் முன் நின்று அழுவதில் தொடங்குகிறது. அவருக்குப் பின் வந்தோர்க்கு அது மரபாயிற்று. பாலைவனத்தையே பாராத பாக்தாது நகரத்துப் புலவர்களும் இல்லாத கூடாரத்தின் சாம்பலுக்காக அழத் தலைப்பட்டனர். அபூ நுவாஸ் என்னும் புலவர் அவர்களை எள்ளி நகையாடினார். அவருடைய ஒழுக்கத்தை நாம் போற்றவில்லை. ஆனால் தான் காணாத இடிபாட்டுக்கு அழுபவன் பொய்யன் என்று அவர் கண்டது மெய்.

நம்மிடையே இந்தப் பொய்யழுகையின் எதிர்முனையில் ஒரு மெய்யழுகை இருக்கிறது. புறநானூற்றின் 243ஆம் பாட்டைப் பாடிய முதியவரை நினைக்கின்றோம். கோலூன்றி, இருமலுக்கிடையே சில சொற்களே பேசவல்ல அந்த முதியவர், தாம் சிறுவனாய் நீர்த்துறை மருத மரத்தில் ஏறி, கரையில் நின்றோர் வியக்க மடுவில் குதித்து அடிமணலை அள்ளி வந்ததை எண்ணி இரங்குகிறார். தொடித்தலை விழுத்தண்டினார் என்று தம் கைக்கோலாலேயே பெயர் பெற்றவர் அவர். ஈண்டு நாம் நோக்கவேண்டியது ஒன்றுண்டு. மடு கெட்டுவிட்டது என்று அவர் சொல்லவில்லை. இன்றைய சிறுவர்களுக்குக் குதிக்கத் தெரியாது என்று ஏசவில்லை. போனது தம் இளமை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதை மட்டுமே கேட்டார். ஈராயிரம் ஆண்டாக அப்பாட்டு நிற்பதற்கு அந்த நேர்மையே காரணம். நம் தேநீர்க்கடைப் புலவர்களிடம் இல்லாததும் அதுவே.

பழையதும் ஒரு நாள் புதியது

நாகூர் ஈ.எம். ஹனிபா அவர்கள் 1925இல் பிறந்து, 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் மறைந்தார்கள். அந்தக் கணீரென்ற குரலுக்கு நாம் கடன்பட்டவர்கள். நோன்பு காலத்துச் சஹர் வேளையில் ஒலிபெருக்கி வழியே அது வந்தபோது விழித்த பிள்ளைகளுள் நாமும் ஒருவர். அவருடைய பாட்டைச் சகோதரச் சமயத்தார் வீடுகளிலும் கேட்டிருக்கிறோம். இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சிக்காகப் பெட்டியின் முள்ளைத் திருகிக் காத்திருந்ததும், காயல் ஷேக் முஹம்மதுவின் பாட்டுக்குச் செவி சாய்த்ததும் நம் இளமையின் செல்வங்கள். இவற்றைக் குறைத்துச் சொல்ல நாம் வரவில்லை.

ஆனால் அந்தப் பாட்டு எப்படி வந்தது என்பதை மறைக்கலாமா? அக்காலத்து இஸ்லாமியப் பாடல்களில் பல இந்தித் திரைப்பட மெட்டுகளில் அமைந்தவை என்பது அனைவரும் அறிந்த செய்தி. ஆர்மோனியமும் தோலக்கும் இன்றி அவை பதிவாகவில்லை. அதே குரல் தி.மு. கழகத்தின் தேர்தல் மேடைகளில் முழங்கிற்று. 1961இல் வெளிவந்த 'பாவமன்னிப்பு' திரைப்படத்தில் டி.எம். சௌந்தரராஜனோடு சேர்ந்து பாடிற்று. சீறாப்புராணத்தை விளக்கேற்றி வைத்து இரவெல்லாம் ஓதிப் பொருள் கேட்ட பெரியோர்கள் அன்று நம் ஊர்களில் இருந்தனர். குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களை மெய்ம்மறந்து பாடியோர் இருந்தனர். அவர்கள் காதுக்கு இசைத்தட்டில் வந்த பாட்டு எப்படி ஒலித்திருக்கும்? "சினிமா மெட்டில் நாயகத்தின் புகழா?" என்று நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்துபோய் வானொலிப் பெட்டியை நிறுத்தியது நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று அவர்மேல் நமக்கு வந்த கோபமும் நினைவிருக்கிறது. அதே பெரியவரின் நாற்காலியில்தான் இன்று நாம் அமர்ந்திருக்கிறோம்.

இன்னும் பின்னே செல்வோம். நம் கைக்கு முழுமையாகக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் மிகப் பழையது 1572இல் அரங்கேறிய ஆயிரம் மசலா. மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, படைப்போர் ஆகிய வகைகள் எந்தத் தமிழ் இலக்கணத்தில் இருந்தன? அரபியிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வடிவத்தை எடுத்துத் தமிழில் வார்த்த புதுமை அன்றோ அவை? புதிய ஒலியைத் தமிழுக்குள் அழைத்து வந்தவர் என்பதுதான் நம் முன்னோரின் பெருமை. அப்பெருமையைப் பேசிக்கொண்டே புதிய ஒலிக்குக் கதவடைப்பது எவ்வகை வாரிசுத்தனம்? ஏன், நாம் குடியிருக்கும் குப்பத்தின் பெயரில் உள்ள 'குருசு' போர்த்துக்கேயர் வழி வந்த சொல். இன்று வலையுலர்த்தும் கிழவியும் அதைத் தமிழாகவே பேசுகிறாள்.

இந்த வழக்கும் புதியதன்று. ஹிஜ்ரி 276இல் மறைந்த இப்னு குதைபா, கவிஞர்களைப் பற்றிய தம் நூலின் முன்னுரையில், பழையவர் என்பதற்காக ஒருவரை உயர்த்தவும் பிந்தியவர் என்பதற்காக ஒருவரைத் தாழ்த்தவும் தாம் ஒருப்படவில்லை என்று அறிவித்தார். பழையது எல்லாம் தன் நாளில் புதியதாகவே இருந்தது என்பது அவர் காட்டிய காரணம். பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் தம் சிவப்பிரகாசத்தின் தொடக்கத்தில் தமிழில் உரைத்ததும் இதே நீதி. பாக்தாதின் அப்பாசிய அரண்மனையில் இஸ்ஹாக் மவ்ஸிலி பழைய பாட்டை ஓர் அசைவும் மாற்றலாகாது என்று நின்றார். கலீபா ஹாரூன் ரஷீதின் உடன்பிறந்தாரான இப்ராஹீம் இப்னுல் மஹ்தி தம் விருப்பம்போல் மாற்றிப் பாடுவேன் என்று நின்றார். ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முந்திய அந்த வாதத்தைத்தான் நம் தேநீர்க்கடை மீண்டும் நடத்துகிறது. வேறுபாடு ஒன்றே. அவ்விருவரும் இசை கற்றவர்கள்.

பாரிசிலிருந்து வந்த நண்பரின் பாட்டுக்கும் இதே கதைதான். அவர் நெஞ்சில் வைத்திருக்கும் நிர்வானாவின் 'நெவர்மைண்ட்' இசைத்தொகுப்பு 1991 செப்டம்பரில் வந்தது. அவ்வகை இசைக்கு அவர்கள் இட்ட பெயரே 'மாற்று' ராக் என்பது. எதற்கு மாற்று? அதற்கு முந்தியவர்கள் கேட்டுக்கொண்டிருந்த இசைக்கு. கிழிந்த சட்டையும் கரகரத்த குரலும் அன்றைய பெற்றோருக்கு இரைச்சலாகவே இருந்தன. அதே 1991இல் அமெரிக்காவின் கிராமி விருதில் மாற்றிசைக்கெனத் தனிப்பிரிவு வகுக்கப்பட்டது. மாற்று என்பது விருதாயிற்று. பின்னர் விற்பனைச் சரக்காயிற்று. இன்று ஐம்பதைக் கடந்தவர்களின் முதுசொம் ஆகிவிட்டது. பெற்றோரை எதிர்த்துக் கேட்ட பாட்டைக் கொண்டே பிள்ளைகளை அடக்குகின்றனர்.

சில மறுப்புகளுக்கு விடை

"இன்றைய பாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு குப்பை" என்பர். மெய்தான். அன்றும் அப்படித்தான். அன்றைய தொண்ணூறும் காலத்தின் சல்லடையில் உதிர்ந்துபோயின. எஞ்சிய பத்தை மட்டும் நாம் கையில் வைத்திருக்கிறோம். தேறிய பத்தையும் தேறாத நூறையும் எதிரெதிரே நிறுத்துவது நியாயமான தராசு ஆகாது.

"இன்று எல்லாம் வணிகம்" என்பர். ஒலிநாடாக் கடைகள் தருமத்துக்கா நடந்தன? விரும்பிய பாட்டின் பட்டியலை எழுதிக்கொடுத்து, பக்கத்துக்கு முப்பது நிமிடம் என்ற கணக்கில் காசு கொடுத்துப் பதிவுசெய்து வாங்கினோமே, மறந்துவிட்டோமா?

"கருவி இசை மார்க்கத்தில் ஆகாது" என்பர் சிலர். இசைக்கருவி பற்றிய பிக்ஹு விவாதத்தை நாம் ஈண்டு எடுக்கவில்லை. ஆகாது என்னும் அறிஞர்கள் எல்லாக் கருவிக்கும் ஆகாது என்கிறார்கள். அவர்களுடைய நேர்மைக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனால் தம் இளமையின் ஆர்மோனியம் ஹலால், பையனின் கிதார் ஹராம் என்று தீர்ப்பளிப்போர் எந்த மத்ஹபைச் சேர்ந்தவர்கள் என்பதை அறிய விரும்புகிறோம். நம் மாணவனோ நெஞ்சில் கைதட்டியதன்றிக் கருவி எதையும் தொடவில்லை.

மெய்யான இழப்புகள்

அப்படியாயின் எதுவுமே அழியவில்லையா? அழிந்திருக்கிறது. நம் ஒப்பாரிக்காரர்கள் அதற்கு அழவில்லை என்பதே நம் குற்றச்சாட்டின் சாரம்.

குருசுக்குப்பத்துக்கு ஒரு கடற்கரை இருந்தது. கட்டுமரம் ஏற்றவும் வலை உலர்த்தவும் பிள்ளைகள் பந்தாடவும் மணல் இருந்தது. 1980களின் பிற்பகுதியில் தெற்கே அரியாங்குப்பத்து ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் எழும்பின. தெற்கிலிருந்து வடக்கே ஆண்டுதோறும் நகர்ந்துவந்த மணலை அச்சுவர்கள் தடுத்தன. வடக்கே கரை அரிக்கப்பட்டது. அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டப்பட்டது. பிள்ளைகள் கல்மேல் அமர்ந்து பாட்டுக் கேட்பது அவர்களுக்கு மணல் இல்லாத காரணத்தால். அந்த மணலை இழக்கக் கொடுத்த தலைமுறை நம்முடையது. இழந்தது அவர்களுடைய தலைமுறை. இதில் யார் யாரைப் பார்த்து முகஞ்சுளிப்பது?

அந்த மணலோடு போன பாட்டும் ஒன்றுண்டு. வலையிழுக்கும்போதும் மரந்தள்ளும்போதும் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் ஏற்றுப் பாடிய அம்பாப் பாட்டு. தோள்கள் ஒருசேர இழுப்பதற்கான தாளம் அது. இயந்திரப் படகு வந்தது; தோளின் வேலை குறைந்தது; வேலையோடு பாட்டும் குறைந்தது. எவருடைய இரசனையும் கெட்டதால் அது மறையவில்லை. அதைப் பாட அறிந்த முதியவர்கள் நம் தெருவிலேயே இருந்தனர். ஹனிபாவுக்காக உருகிய நாம் ஒருநாளேனும் அவர்கள் எதிரில் அமர்ந்து ஓர் அடியை எழுதி வைத்தோமா?

நாம் உருகும் பாட்டைத்தான் காத்தோமா? ஒலிநாடா என்பது மெல்லிய நெகிழிப் பட்டையின் மேல் பூசிய இரும்புத் துருப்பொடி. உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்தால் அதில் பூஞ்சணம் படரும். சென்ற ஆண்டு நம் பரணிலிருந்து இறக்கிய பெட்டியில் இருந்த நாடாக்களில் பெரும்பாலானவை வெண்பூஞ்சணம் பூத்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பெருமூச்சு விட்ட நாற்பதாண்டில் ஒருமுறையேனும் அவற்றை வெயில் படாது, ஈரம் புகாது வைக்கவேண்டும் என்ற எண்ணம் நமக்கு எழவில்லை. பாடலை எழுதிய கவிஞர் யார் என்று கேட்டால், உருகுபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு விடை தெரியாது. 'இறைவனிடம் கையேந்துங்கள்' என்ற பாட்டு எல்லாச் சமயத்தார் நாவிலும் உண்டு. அதை யாத்த ஆர். அப்துல் சலாம் அவர்களின் பெயர் எத்தனை பேர் நாவில் உண்டு?

பழையதை நேசித்தவர் எப்படி இருந்தார் என்பதற்கு அபுல் பரஜ் இஸ்பஹானி சான்று. ஹிஜ்ரி 356இல் மறைந்தவர். அவர் தொகுத்த கிதாபுல் அகானி என்னும் பாடல் பெருநூலுக்கு ஐம்பதாண்டு உழைத்ததாகக் கூறுவர். பாட்டின் சொல்லை யாத்தவர் யார், மெட்டமைத்தவர் யார், எந்தத் தாளம், விரல் எந்த நரம்பில், இச்செய்தியை யார் வழியாகக் கேட்டோம் என்று ஹதீஸுக்கு இஸ்னாது கூறுவதுபோல் பாட்டுக்கும் கூறினார். அது நேசம். அடுத்தவன் பாட்டை இரைச்சல் என்பதால் நம் பாட்டின் மேலுள்ள நேசம் நிரூபணம் ஆகிவிடாது.

மிம்பரும் பேரீச்ச மரமும்

ஏக்கத்துக்கு அரபியில் ஹனீன் என்று பெயர். கன்றைப் பிரிந்த பெண் ஒட்டகம் கனைக்கும் குரலுக்கு வழங்கிய சொல் அது. அச்சொல்லோடு பிணைந்த ஒரு நிகழ்ச்சியை நாம் அனைவரும் குத்பாவில் கேட்டிருக்கிறோம். மதீனாப் பள்ளியில் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பேரீச்ச மரத் தண்டின் மேல் சாய்ந்து உரை நிகழ்த்துவது வழக்கம். பின்னர் படிகளோடு கூடிய மிம்பர் செய்யப்பட்டது. முதன்முறையாக அவர்கள் அதன்மேல் ஏறியபோது, பிரிவாற்றாது அந்தத் தண்டு அழுத குரல் பள்ளியில் இருந்தோர் காதில் விழுந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் இறங்கி வந்து, அதைத் தழுவித் தேற்றினார்கள்.

இதை அன்பின் சான்றாக நாம் எப்போதும் எடுத்துரைக்கிறோம். அதற்கு அடுத்து நடந்ததை நினைப்பதில்லை. தண்டு அழுதது என்பதற்காக மிம்பர் அகற்றப்படவில்லை. தேற்றிய பின் அடுத்த ஜும்ஆவும் அதற்கடுத்த ஜும்ஆவும் மிம்பரின் மேலேயே நிகழ்ந்தன. ஏனெனில் பின் வரிசையில் இருப்போருக்கும் உரை எட்டவேண்டும். பழையதன் அழுகைக்குத் தழுவல் உண்டு; புதியவர்களின் செவிக்கு மிம்பர் உண்டு. இரண்டும் ஒரே நாளில் ஒரே கையால் செய்யப்பட்டன.

ஆகவே நம் வயதினரை நாம் வேண்டிக்கொள்வது இதுவே. உங்கள் பாட்டுக்காக அழுங்கள், எவரும் தடுக்கவில்லை. ஆனால் அழும்போது, போனது நம் இளமை என்று வாய்திறந்து சொல்லுங்கள். பரணில் மிச்சமிருக்கும் நாடாவை இறக்கி, அறிந்தவரிடம் கொடுத்துக் கணினியில் ஏற்றுங்கள். கவிஞரின் பெயரைத் தேடி எழுதுங்கள். அம்பாப் பாட்டு அறிந்த முதியவர் எவரேனும் எஞ்சியிருப்பின் அவரருகே அமருங்கள். பிள்ளைகள் புதிய பாட்டொன்றைக் கொண்டுவந்தால் கடைசிவரை கேளுங்கள். சொல்லில் பிழை இருந்தால் திருத்துங்கள். கொள்கையில் பிழை இருந்தால் கண்டியுங்கள். லகர ளகர ழகரம் தடுமாறினால் நாவைப் பழக்குங்கள். அதற்கான கல்வி நம்மிடம் இருக்கிறது. 2018இல் சென்னையில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர் கானாவையும் ராப்பையும் ராக்கையும் சேர்த்துத் தம் மக்களின் வலியைத் தமிழில் பாடினர். அதற்குச் செவிகொடுக்கத் திரளான இளைஞர் இருந்தனர். அந்த இளைஞர்களுக்கு நாயகத்தின் வாழ்வை எந்தத் தாளத்தில் சொல்லப்போகிறோம் என்பதே நம் முன் உள்ள கேள்வி. நமக்குப் பழகிய தாளத்தில் மட்டுமே சொல்வோம் என்று நின்றால், முன் வரிசையில் நாமும் கடைசி வரிசையில் மௌனமுமே மிஞ்சும்.

சென்ற வெள்ளியன்று தொழுகைக்குப் பின் அந்த மாணவனின் வீட்டுக்குச் சென்றோம். அவன் தாயார் முன்னிலையில், பாதியில் நிறுத்தியது நம் பிழை என்று கூறினோம். தாள் இருக்கிறதா என்று கேட்டோம். இல்லை, கிழித்துப்போட்டுவிட்டேன் என்றான். வேறொன்று எழுதுவாயா என்று கேட்டதற்கு விடை கூறவில்லை. அடுத்த மீலாதுக்கு இன்னும் மாதங்கள் உள்ளன. அவன் எழுதினால் அந்த மேடையில் அவனுக்கு இடம் உண்டு என்பதை இவ்வேட்டின் வாயிலாகவே அறிவிக்கின்றோம். அவன் எழுதுவதற்கும், எழுதினால் நாம் கடைசிவரை கேட்பதற்கும் வல்ல அல்லாஹ் தௌபீக் செய்வானாக.